‘ஹார்ட்லி’ உழைத்தவர்கள்

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் ஆங்கில ஆசிரியர்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். பாடம் நடத்துவது எப்படி என்று நான் எழுதப்போவதில்லை. அதற்குப் பயிற்சி இருக்கிறது, கையேடு இருக்கிறது, உங்கள் கைப்பேசியில் காணொளிகள் கொட்டிக் கிடக்கின்றன. ஆரணியில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பணிக்காலம் முழுவதும் ஆங்கிலம் நடத்திவிட்டு, அண்மையில் ஓய்வு பெற்றவள் நான். நாலு வார்த்தை வேண்டாம், ஒரே ஒரு வார்த்தையைப் பற்றி எழுதுகிறேன். அதுவே போதுமான அளவு என்னை அலைக்கழித்திருக்கிறது.

வார்த்தை ‘ஹார்ட்லி’.

நீங்கள் திருத்தப்போகும் முதல் கட்டுத் தாளிலேயே அது உங்களைச் சந்திக்க வந்துவிடும். ‘ஐ ஸ்டடீட் ஹார்ட்லி.’ ‘மை ஃபாதர் வொர்க்ஸ் ஹார்ட்லி.’ அந்த அப்பா விடிந்ததிலிருந்து தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பார். மகளோ தாளில் அவரை வேலையே செய்யாத சோம்பேறியாக்கி வைத்திருப்பாள், அதுவும் பெருமையோடு.

பிள்ளைகள்மேல் குற்றமில்லை. ‘குயிக்’ குயிக்லி ஆகும், ‘ஸ்லோ’ ஸ்லோலி ஆகும், ‘லி’ சேர்த்தால் வினையுரிச்சொல் என்று கரும்பலகையில் எழுதிப்போடுவது நாம்தான். நன்றாகப் படிக்கிற பிள்ளைதான் விதியை நம்பி ‘ஹார்ட்’டுக்கும் வால் ஒட்டும். சரியாகப் படிக்காத பிள்ளை ‘ஹார்ட்’ என்று மொட்டையாக எழுதி மதிப்பெண் வாங்கிக்கொண்டு போய்விடும். ஆங்கிலத்தின் நியாயம் அப்படி.

இந்தச் சொல் வகுப்பறைக்குள்ளேயே இருந்திருந்தால் எனக்குப் பிரச்சினையில்லை. சின்ன ஊரில் ஆங்கில டீச்சர் என்றால் ஊருக்கே டீச்சர். கடவுச்சீட்டுப் படிவம், கல்யாணப் பத்திரிகை, வாஷிங் மெஷினோடு வந்த கையேடு எல்லாம் வீடு தேடி வரும். ஒருநாள் காலையில் எங்கள் தெருவுக்குப் பின்பக்கம் பட்டுச்சேலைக் கடை வைத்திருந்தவர், கையில் ஒரு புத்தம்புது அட்டைப்பெட்டியோடு வந்து நின்றார். சேலை வைத்துத் தருகிற பெட்டி. மெரூன் நிறத்தில், பொன்னெழுத்தில், பார்க்க அழகாகத்தான் இருந்தது.

“டீச்சர், ஜல்தியா இத பாருங்க. பெங்களூர்லேர்ந்து பார்ட்டி வந்துகினு இருக்காங்க. எங்க அக்கா மருமக இத பாத்துட்டு சிரிசிரின்னு சிரிக்குது. இன்னா தப்புன்னு கேட்டா சொல்லவும் மாட்டேங்குது.”

வாங்கிப் பார்த்தேன். ‘ஆரணி சில்க். ஹார்ட்லி வோவன் பை அவர் வீவர்ஸ்.’

சிரிக்காமல் சொல்ல நான் கொஞ்சம் சிரமப்பட்டேன். “எங்க நெசவாளிங்க இத நெய்யவே இல்ல, ஏதோ பேருக்குத் தொட்டாங்கன்னு போட்டிருக்கீங்க.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். “பாடுபட்டு நெஞ்சதுன்னு தானே டீச்சர் போடச் சொன்னேன்.”

“பாடுபட்டது போயிடுச்சு, நெஞ்சதும் போயிடுச்சு.”

“பேஜாராப் போச்சே. பாக்ஸ் மொத்தமா வந்து எறங்கிடுச்சு.”

அவருக்கு அப்போது தேவைப்பட்டது இலக்கணம் இல்லை, ஒரு வழி. நான் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் மீதி வாக்கியம் முழுசாக, நல்ல ஆங்கிலமாக நின்றது. “அந்த ஒண்ண மட்டும் மறைச்சிடுங்க” என்றேன். கல்யாணக் கவர்களில் ஒட்டுகிற பொன்னிற அன்னப்பறவை ஸ்டிக்கர்கள் வாங்கி, கடையில் எல்லோரும் உட்கார்ந்து பெட்டிக்கு ஒரு அன்னமாக ஒட்டினார்கள். பெங்களூர்க்காரர்கள் பார்த்துவிட்டு டிசைன் நன்றாக இருக்கிறதே என்றார்களாம்.

பெட்டிகள் தீர்ந்து, பிழை நீக்கிப் புதுப்பெட்டி அச்சடித்தபோது இன்னொரு தொல்லை. பழைய வாடிக்கையாளர்கள் அன்னம் எங்கே என்று கேட்டார்கள். அன்னம் இல்லாத பெட்டி டூப்ளிகேட்டாக இருக்குமோ என்று ஒரு அம்மா சேலையையே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். கடைக்காரர் மறுபடி ஸ்டிக்கர் வாங்க ஓடினார். பிழையை மறைக்க வந்த பறவை அந்தக் கடையின் அடையாளமாகிவிட்டது. ஒரு வாக்கியம் தவறாக இருந்தால், புதிதாக என்ன எழுதுவது என்று யோசிக்கும் முன்னால், எதை எடுத்தால் போதும் என்று பாருங்கள். பாதி நேரம் அதிலேயே காரியம் முடிந்துவிடும்.

அந்தச் சொல் ஏன் இப்படி முறுக்கிக்கொண்டு நிற்கிறது என்று பிள்ளைகள் கேட்டால் சொல்வதற்குக் கொஞ்சம் வரலாறும் தெரிந்திருக்க வேண்டும். பழைய ஆங்கிலத்தில் ‘ஹார்ட்’ என்ற பெயரடையோடு கடைசியில் ஓர் ‘எ’ ஓசை சேர்ந்தால் அது வினையுரிச்சொல். காலப்போக்கில் அந்த ஓசை தேய்ந்து உதிர்ந்துபோனது. அதனால் இரண்டும் ஒரே உருவமாகிவிட்டன. ‘ஃபாஸ்ட்’ கதையும் இதேதான். ‘ஹார்ட்லி’ என்ற சொல்லும் அப்போதே தனியாக இருந்தது. ஆரம்பத்தில் அதற்குத் துணிவாக, வலுவாக என்றெல்லாம் பொருள். பிறகு கடுமையாக என்றானது. அப்புறம் சிரமப்பட்டு என்றானது. சிரமப்பட்டு ஒன்றைச் செய்வதற்கும் அதைச் செய்யவே முடியாமல் போவதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது? ஒருமுறை பிள்ளைகளைத் திருமலைச் சமணக் கோயிலுக்கு அழைத்துப் போனோம். எங்கள் கணக்கு டீச்சர் குன்றில் சிரமப்பட்டு ஏறினார். கொஞ்ச நேரத்தில் அவர் ஏறுகிறார் என்று சொல்வதே சிரமமாகிவிட்டது. ‘ஹார்ட்லி’யும் அப்படித்தான் சிரமப்பட்டு என்பதிலிருந்து வழுக்கி, கிட்டத்தட்ட இல்லை என்பதில் வந்து உட்கார்ந்துவிட்டது. இன்று அந்தச் சொல்லின் வயிற்றுக்குள் ஓர் ‘இல்லை’ இருக்கிறது. அதனால்தான் அதோடு இன்னொரு ‘நாட்’ சேர்க்கக்கூடாது என்கிறோம்.

இதெல்லாம் தெரிந்தவள் என்ற தெம்பில் இருந்த என்னை ஒரு கேள்வி வாயடைக்க வைத்தது. நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் நடந்தது அது.

சுமதி என்னிடம் படித்தவள். ஆரணிக்கு வெளியே ஒரு கிராமம். அப்பா, அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்தவர்கள். அந்த வீட்டில் மாதச் சம்பளம் என்று ஒன்றை முதலில் பார்த்தவள் அவள். செய்யாறு தொழிற்பேட்டையில், கார்களுக்குள் போகிற ஒயர்களை வெட்டிக் கட்டுக் கட்டாகச் சேர்க்கும் ஒரு கம்பெனியில் வேலை. கம்பெனி பஸ் ஆரணிக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகும். ஆங்கிலத்தில் நாலு வரி எழுதத் தெரியும் என்பதால், அவள் வேலை செய்த வரிசைக்கு அவளையே லைன் லீடர் ஆக்கியிருந்தார்கள். ஷிப்ட் முடிந்ததும் அன்றைக்கு என்ன நடந்தது என்று மேலே மெயில் அனுப்புவது அவள் பொறுப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தேன். வாசலில் நின்றிருந்தாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“மிஸ், ஹார்ட்லின்னா இன்னா மிஸ்?”

எனக்குச் சிரிப்பு வந்தது. ஸ்டிக்கர் வாங்க வேண்டியதுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தேன்.

நடந்தது இதுதான். அந்த வாரம் ஒயர் வெட்டும் மெஷின் ஷிப்ட் நடுவில் நின்றுவிட்டது. அனுப்ப வேண்டிய சரக்கு பாதியில் நிற்கிறது. மெக்கானிக் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம் என்று, வரிசையிலிருந்த பெண்கள் எல்லோரும் கட்டர் எடுத்துக் கையாலேயே ஒயரை வெட்ட ஆரம்பித்தார்கள். ஷிப்ட் முடியும்வரை யாரும் உட்காரவில்லை. ஆனாலும் கை மெஷின் ஆகுமா. சரக்கு குறைந்துதான் போனது. சுமதி மெயில் எழுதினாள். தன் வரிசைப் பெண்களை மேலதிகாரி பாராட்ட வேண்டும் என்ற ஆசையோடு எழுதினாள். ‘ஆபரேட்டர்ஸ் வொர்க்டு ஹார்ட்லி பை ஹேண்ட். அவுட்புட் லெஸ்.’

மேலே இருந்தவர் வெளிநாட்டுக்காரர். ஆட்கள் வேலை செய்யவில்லை, அதனால் உற்பத்தி குறைவு என்று படித்துக்கொண்டார். மறுநாளே வரிசையிலிருந்த பெண்கள் அத்தனை பேருக்கும் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. பதில் சரியில்லை என்றால் வேலையிலிருந்து நிறுத்தம். எல்லோரும் ஒப்பந்தத் தொழிலாளிகள். நிறுத்துவதற்கு ஒரு கையெழுத்து போதும்.

“யார் சொன்னதுன்னு கேட்டதுக்கு, உங்க லைன் லீடரே எழுதிக் குடுத்திருக்காங்கன்னு சொல்லிட்டாங்க மிஸ்” என்றாள் சுமதி. “அமுதா அக்கா எங்கிட்ட வந்து, தண்ணி குடிக்காம நின்னுகினு செஞ்சோமே, நீ இப்படி எழுதிட்டியேன்னு கேட்டாங்க. நான் நல்லாத்தான் எழுதினேன்னு சொன்னேன். யாரும் நம்பல.”

அமுதா அந்த வரிசையில் மூத்தவர். கணவர் இல்லாமல் இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவர். சுமதி வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுக்குத் தொழில் பழக்கியவரும் அவர்தான். அன்றிலிருந்து அவர் சுமதியோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அவர் நிறுத்தியதும் மற்றவர்களும் நிறுத்திவிட்டார்கள்.

“ஆபீஸ்ல இன்னா பண்ணாலும் பண்ணட்டும் மிஸ். நீங்க வந்து அந்த அக்காங்க கிட்ட சொல்லுங்க. நான் போட்டுக் குடுக்கலன்னு சொல்லுங்க. அது போதும்.”

மறுநாள் பள்ளி நூலகத்தில் இருந்த பெரிய அகராதியை எடுத்து அந்தச் சொல்லைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் அன்றைக்கு வேறு கண்ணோடு பார்த்தேன். வழக்கொழிந்த பொருள் என்ற குறிப்போடு, ‘முழு ஆற்றலோடு, வலுவாக’ என்று போட்டிருந்தது. அப்படியானால் சுமதி எழுதியது தப்பே இல்லை. பழைய ஆங்கிலக் கணக்கில் அவள் சரி. அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டேன். வழக்கறிஞருக்குச் சாட்சி கிடைத்தது போல் இருந்தது.

கம்பெனியின் மனிதவள மேலாளருக்குத் தொலைபேசியில் பேசினேன். என்னை உள்ளே விடவே மாட்டார் என்று எதிர்பார்த்தேன். அவரோ மகிழ்ச்சியோடு அழைத்தார். “கண்டிப்பா வாங்க மேடம். நான் எவ்வளவு சொல்லியும் இவங்களுக்குப் புரியல. நீங்க வந்து விளக்கினா நல்லது.”

விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன். கண்ணாடிக் கதவு போட்ட அறை. நீளமான மேசை. மேலாளர் முப்பது வயதுக்குச் சற்று மேல் இருப்பார், தெற்கத்திப் பக்கத்துக்காரர், மரியாதையானவர். எனக்கு நாற்காலி போட்டார். பெண்கள் சுவரோரம் நின்றார்கள். சுமதி அவர்களோடு சேராமல் கதவருகே நின்றாள். உட்காரச் சொல்லுங்கள் என்றேன். சொன்னார். யாரும் உட்காரவில்லை.

அப்போதுதான் அவர் ஏன் என்னை அழைத்தார் என்று புரிந்தது.

“மேடம், நான் இவங்க மேல எதையும் சேர்த்துச் சொல்லல. இவங்க லைன் லீடர் எழுதினதுதான். நீங்க இங்கிலீஷ் டீச்சர், அந்தப் பொண்ணுக்கே சொல்லிக் குடுத்தவங்க. ஹார்ட்லின்னா என்ன அர்த்தம்னு இவங்க முன்னாடியே சொல்லிடுங்க. முடிஞ்சது.”

கேள்வி நேரானது. பதிலும் எனக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் சுமதி காட்டிக்கொடுத்தவள் என்பதற்கு நானே முத்திரை குத்தினவள் ஆவேன். மாற்றிச் சொன்னால், அவர் மேசைமேல் இருக்கிற கணினியில் இரண்டு தட்டுத் தட்டினால் என் சாயம் வெளுத்துவிடும். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள்.

“எந்த வாக்கியத்தில சார்?” என்றேன்.

அது என் சாமர்த்தியம் இல்லை. பழக்கம். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் பள்ளியில் ஒரு மூத்த ஆசிரியை இருந்தார். அவரிடம் போய் எந்தச் சொல்லுக்குப் பொருள் கேட்டாலும் இந்தக் கேள்வியைத்தான் திருப்பிக் கேட்பார். ஆசிரியர் அறையில் பலருக்கு அது எரிச்சலாக இருக்கும். எனக்கு ஒட்டிக்கொண்டது. அன்று அது எனக்கு மூச்சு வாங்க நேரம் கொடுத்தது.

மேலாளர் கணினியைத் திருப்பி வாக்கியத்தைப் படித்தார். “ஆபரேட்டர்ஸ் வொர்க்டு ஹார்ட்லி பை ஹேண்ட்.”

“இப்ப இருக்கற இங்கிலீஷ்ல, ஹார்ட்லின்னா கிட்டத்தட்ட இல்லன்னு அர்த்தம்” என்றேன். “நீங்க படிச்சது சரிதான் சார்.”

சுவரோரத்தில் ஒரு சலசலப்பு. அமுதா தாழ்ந்த குரலில், ஆனால் எனக்குக் கேட்கும்படி சொன்னார். “டீச்சரே சொல்லிட்டாங்க, அப்புறம் இன்னா.” சுமதி தரையைப் பார்த்தாள்.

என் கை கைப்பைக்குள் கைப்பேசியைத் தொட்டுக்கொண்டிருந்தது. எடுத்து நீட்டினால் போதும். இதோ பாருங்கள், அகராதியே சொல்கிறது, ஒரு காலத்தில் இதற்கு வலுவாக என்றுதான் பொருள். மேலாளர் ஒருவேளை திணறியிருப்பார். நான் வாதத்தில் ஜெயித்தும் இருப்பேன். ஆனால் அந்தப் பெண்களில் ஒருவர்கூட அதை நம்பியிருக்க மாட்டார்கள். படித்த இரண்டு பேர் அவர்களுக்குத் தெரியாத மொழியில் ஏதோ பேசி முடித்துக்கொண்டார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். சுமதி என்னிடம் கேட்டது வழக்கில் ஜெயிப்பதை அல்ல. அந்த அக்காக்கள் நம்ப வேண்டும் என்றுதான் கேட்டாள். செத்துப்போன ஒரு பொருளைத் தோண்டி எடுத்து அவளைக் காப்பாற்றினால், அவள் தப்பித்தவளாக இருப்பாள். நம்பத்தக்கவளாக இருக்க மாட்டாள். கைப்பையை மூடினேன்.

நாற்காலியை மேலாளர் பக்கமிருந்து சுவர் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். ஆங்கிலத்தை விட்டுவிட்டு இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று தேடினேன். பணிக்காலம் முழுக்க எனக்குத் தோன்றாத ஒன்று அந்த நிமிடத்தில் தோன்றியது.

“அமுதா, ‘இவங்க அரும்பாடு பட்டாங்க’ன்னு ஒருத்தர் எழுதினா உங்களுக்கு இன்னா தோணும்?”

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். “ரொம்ப கஷ்டப்பட்டாங்கன்னு.”

“‘அரிதா பாடுபட்டாங்க’ன்னு எழுதினா?”

“எப்பவோ ஒரு தடவ பட்டாங்கன்னு. அரிதான்னா அபூர்வமா தானே.”

“அரும்பாட்டுல இருக்கற ‘அரு’தான் அரிதுலயும் இருக்கு. ரெண்டும் ஒரே வேர். செய்யறதுக்குக் கஷ்டமானது அரிது. கஷ்டமானது அடிக்கடி நடக்காது, அதனால எப்பவோ நடக்கறதும் அரிதுன்னு ஆயிடுச்சு. இங்கிலீஷ்லயும் இதே கதைதான். ஹார்டுன்னா அரும்பாடு. அதுல ஒரு ‘லி’ சேந்தா, அரிதா. சுமதி உங்கள அரும்பாடு பட்டாங்கன்னு சொல்ல வந்தா. ஒரு எழுத்து கூடப் போட்டு அரிதா பாடுபட்டாங்கன்னு ஆக்கிட்டா.”

அமுதா உதட்டுக்குள் இரண்டையும் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அரும்பாடு, அரிதா பாடு.

மேலாளர் சிரித்துவிட்டார். கேலியாக இல்லை, விஷயம் பிடிபட்டவரின் சிரிப்பு. ஆனால் அவர் வேலை அவருக்கு. “புரியுது மேடம். ஆனா அந்தப் பொண்ணு என்ன நினைச்சு எழுதினாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? எழுதினதுதானே என் கையில இருக்கு.”

“எழுதினதையே முழுசா பாருங்க சார். அதே வரியில ‘பை ஹேண்ட்’னு இருக்கு. கையாலன்னு. அதப் பத்தி இவங்க கிட்ட கேட்டீங்களா?”

அவர் மறுபடி திரையைப் பார்த்தார். பிறகு முதல்முறையாக அமுதாவைப் பார்த்துப் பேசினார். “மெஷின் நின்ன நேரத்துல கையாலயா வெட்டினீங்க?”

அமுதா மேசையருகே வந்தார். வலது கையை விரித்து மேசைமேல் வைத்தார். கட்டைவிரலின் அடியில் தோல் உரிந்து, காய்ந்து, ஓரம் கறுத்திருந்தது. பின்னால் நின்ற பெண்கள் ஒவ்வொருவராக முன்னே வந்து கையை நீட்டினார்கள். ஒருத்தி பிளாஸ்திரி போட்டிருந்தாள்.

“இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே” என்றார் மேலாளர்.

“எங்க சார் சொல்றது. நீங்க இங்கிலீஷ் பேப்பர நீட்டிகினு கையெழுத்து போடுன்னு நின்னீங்க.”

அவர் முகம் சுருங்கியது. கெட்ட மனிதர் இல்லை. மேலே இருந்து கேள்வி வந்தது, கீழே பதில் தேடினார், நடுவில் மனிதர்கள் இருந்தது அவர் கண்ணில் படவில்லை.

அப்போது சுமதி கதவருகிலிருந்து பேசினாள். “சார், எழுத்துல தப்பு இருக்கு. வேலையில தப்பு இல்ல. எழுதினது நான். எனக்கு மெமோ குடுங்க, வாங்கிக்கறேன். இவங்களுக்குக் குடுத்தத எடுத்துடுங்க.”

“உனக்கு எதுக்குடி மெமோ” என்றார் அமுதா. அவ்வளவு நாள் கழித்து அவளிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது, அதட்டலாகவே இருந்தது. “நாங்க வெட்டுன ஒயருல நீ வெட்டுனதும் தானே இருக்கு. கையக் காட்டு.”

சுமதி கையைக் காட்டவில்லை. அழுதாள்.

மேலாளர் தட்டச்சுப் பலகையை இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “மேல என்ன எழுதறது மேடம்?”

“அதே வாக்கியந்தான் சார். ‘ஹார்ட்’ல நிறுத்திடுங்க.”

நிறுத்தினார். நோட்டீஸ்கள் அந்த வாரமே திரும்பப் பெறப்பட்டன. அந்த வெளிநாட்டு அதிகாரியும் ஆங்கிலத்தை நம்மைப் போலப் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டவர்தானாம். தனக்கும் அந்தச் சொல் முன்பு குழப்பம் தந்ததுண்டு என்று பதில் எழுதியிருந்ததாகச் சுமதி பின்னால் சொன்னாள். இனி தமிழிலேயே எழுதி அனுப்பலாம், நாங்கள் மாற்றிக்கொள்கிறோம் என்று மேலாளர் அவளிடம் சொல்லியிருக்கிறார். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. “இங்கிலீஷ்லயே எழுதறேன் சார். அனுப்பறதுக்கு முன்னாடி அமுதா அக்காவுக்குத் தமிழ்ல படிச்சுக் காட்டிட்டு அனுப்பறேன்” என்றாளாம். இன்றைக்கும் அப்படித்தான் அனுப்புகிறாள். எழுதியதைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லும்போதே பாதிப் பிழை அவளுக்கே தெரிந்துவிடுகிறது என்கிறாள். வகுப்பில் இதை நான் செய்து பார்த்தேன். வேலை செய்கிறது. நீங்களும் செய்து பாருங்கள்.

அகராதியைப் பழிப்பதற்காக இதை எழுதவில்லை. சொல்லின் வேரும் வரலாறும் உங்களுக்குத் தெரிந்தே இருக்க வேண்டும். தெரியாமல் இருந்திருந்தால் அன்று அரிதும் அரும்பாடும் எனக்குக் கிடைத்திருக்காது. ஆனால் தெரிந்ததையெல்லாம் மேசைமேல் வைக்க வேண்டியதில்லை. எதிரே நிற்பவர்களில் யாருக்கு அது புரிய வேண்டும் என்று முதலில் பாருங்கள். அதற்குத் தக்கபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.

கம்பெனிக்குப் போய் வந்த பிறகு, தாள் திருத்தும்போது ‘ஹார்ட்லி’யைக் கண்டால் நான் சுழிப்பதில்லை. பிள்ளையைக் கூப்பிட்டு, நீ சொல்ல வந்தது என்ன என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் திறப்பேன். என் கடைசி வருடத்தில், அரையாண்டுத் தேர்வு முடிந்த சமயம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ‘ஐ ஸ்டடீட் ஹார்ட்லி ஃபார் தி எக்ஸாம்’ என்று எழுதியிருந்தாள். கூப்பிட்டேன். இப்படி எழுதினால் படிக்கவே இல்லை என்று பொருள், கஷ்டப்பட்டுப் படித்தேன் என்றால் வேறு மாதிரி எழுத வேண்டும், இதில் எதைச் சொல்ல வந்தாய் என்று கேட்டேன்.

அவள் நன்றாக யோசித்தாள்.

“கஷ்டப்பட்டு உக்காந்தேன் மிஸ். ஆனா படிக்கல.”

முழு மதிப்பெண் போட்டு அனுப்பினேன்.